தாங்கியில் உலோக நுண்துகள்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழிமுறை

வினையூக்கி தயாரித்து எடுத்த டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் 20 நானோமீட்டர் கட்டிகள் தெரிந்ததும் பழி முதலில் ஃபர்னஸ் (உலை) மீதுதான் விழும். பல நேரம் ஃபர்னஸ் மேல் குற்றமே இருக்காது. பிளாட்டினத்தையோ நிக்கலையோ அலுமினா, சிலிக்கா போன்ற நுண்துளைத் தாங்கியில் (உலோகத்தைச் சுமக்கும் பொருளில்) ஏற்றும்போது வரும் கோளாறுகளில் பெரும்பங்கு, துளைக்குள் தண்ணீர் இருக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. பின்னால் வரும் சூடும் ஹைட்ரஜனும் அதைக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்குகின்றன, அவ்வளவுதான்.

அதனால் தயாரிக்கத் தொடங்கும் முன்பே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஊறவைத்த பின், உலர்த்திய பின், கால்சினேஷன் (காற்றில் சுட்டு உப்பை ஆக்சைடாக்குவது) முடிந்த பின், ஹைட்ரஜனில் ஒடுக்கிய (உலோகமாக்கிய) பின் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கால் கிராம் எடுத்து, தேதி எழுதிக் குப்பியில் மூடி வையுங்கள். இறுதிப் பொடி மட்டும் கையில் இருந்தால் கீழே சொல்வதில் பாதியை ஊகமாகத்தான் சொல்ல முடியும்.

கரைசலை விட்டதும் பொடி சேறாகிவிட்டது

துளை கொள்ளும் அளவைவிடக் கூடுதலாக உலோக உப்புக் கரைசல் போயிருக்கிறது. மிஞ்சிய கரைசல் துகள்களுக்கு வெளியே நிற்கும். காயும்போது அதிலிருக்கும் உப்பெல்லாம் தாங்கியின் வெளிப்பரப்பில் கட்டியாகும். அந்தக் கட்டிதான் பிறகு டெம்மில் தெரிகிறது.

துளைக் கொள்ளளவை விற்பவர் தாளிலிருந்து எடுக்காதீர்கள். நைட்ரஜன் வாயுவை ஒட்டவைத்துத் துளையை அளக்கும் அளவீடு சொல்லும் எண்ணும் இங்கே அப்படியே பொருந்தாது. கையால் அளப்பதுதான் நல்லது. 120 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க உலர்த்திய அலுமினாவில் ஒரு கிராம் எடுத்துச் சிறு கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். மைக்ரோபிப்பெட்டால் 50 மைக்ரோலிட்டர் தண்ணீர் விட்டு, மூடி, மேசையில் தட்டிக் குலுக்குங்கள். முதலில் விழும் துளிகள் சின்ன உருண்டைகளாகும். தட்டினால் உடைந்து மீண்டும் பொடியாகிவிடும். தன் எடையில் பாதிக்குத் தண்ணீர் குடித்த பிறகும் காமா அலுமினா காய்ந்த பொடி போலவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் ஒரு துளியில் நிலைமை மாறும். பொடி குப்பியின் சுவரில் அப்பிக்கொண்டு கீழே வர மறுக்கும். மேற்பரப்பில் மெல்லிய ஈரப் பளபளப்பு தெரியும். அதுதான் எல்லை. உண்மையான தயாரிப்பில் அதில் 90 முதல் 95 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளந்தது சரி, ஆனாலும் சேறாகிறது என்றால், உப்பின் கன அளவை மறந்திருப்பீர்கள். 5 கிராம் அலுமினாவில் 10 விழுக்காடு நிக்கல் ஏற்ற, நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 2.75 கிராம் வேண்டும். துளைக் கொள்ளளவு கிராமுக்கு 0.7 மி.லி. என்றால் மொத்தம் 3.5 மி.லி. அந்த உப்பை 3.5 மி.லி. தண்ணீரில் கரைத்தால் கரைசல் ஒரு மி.லி.க்கு மேல் கூடிவிடும். குறைந்த தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டு, மொத்தக் கரைசலை 3.5 மி.லி.க்குக் கொண்டுவர வேண்டும். கரையவில்லை என்றால் இரண்டு தடவையாக ஊறவைத்து, நடுவில் உலர்த்துங்கள்.

கிண்ணத்தின் விளிம்பில் நிற வளையம், பொடியின் மேலே அடர்ந்த தோல்

இது உலர்த்தும் வேகத்தின் கோளாறு. மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உள்ளே உள்ள கரைசல் நுண்துளைகள் வழியே மேலே இழுக்கப்படுகிறது. உப்பும் கூடவே வருகிறது. கரைசலை விட்ட கையோடு 120 டிகிரி ஓவனில் வைத்தால் இது நிச்சயம் நடக்கும். மூடிய குப்பியில் சில மணி நேரம் வைத்து ஈரம் சமமாகப் பரவ விடுங்கள். பிறகு அறை வெப்பநிலையில் மெல்லிய படுகையாகப் பரப்பி, அவ்வப்போது கிளறுங்கள். ஓவன் கடைசியில்தான். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்புவது ஆழமான கிண்ணத்தைவிட எவ்வளவோ மேல்.

நைட்ரேட் உப்புகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிக்கல், கோபால்ட் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டுகள் ஏறத்தாழ 55 டிகிரியிலேயே தம் படிக நீரிலேயே உருகிவிடும். நீங்கள் காய்ந்துவிட்டது என்று நினைக்கும் பொடிக்குள் உப்பு திரவமாக நகர்ந்துகொண்டிருக்கும். கடலோர ஊர் மழைக்காலத்தில் காய்ந்த பொடியே திறந்த தட்டில் மறுபடி ஈரம் இழுக்கும். உலர்ந்ததும் டெசிகேட்டருக்கு (ஈரம் உறிஞ்சும் மூடிய கலத்துக்கு) போகட்டும், அல்லது நேராகக் கால்சினேஷனுக்கு.

பெல்லட்டை வெட்டிப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் நிறம்

பொடியில் இது தெரியாது, சிறு கட்டிகளாக்கிய பெல்லட்டில்தான் பிடிபடும். பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். குளோரோபிளாட்டினிக் அமிலத்தில் ஊறவைத்த அலுமினா பெல்லட்டில் வெளியே மெல்லிய மஞ்சள் வளையமும் நடுவில் வெறும் வெள்ளையும் தெரிந்தால், பிளாட்டினம் அளவுக்கு மீறி வேகமாக ஒட்டியிருக்கிறது. அமிலக் கரைசலில் அலுமினாவின் பரப்பு நேர்மின்னூட்டம் பெறுகிறது, குளோரோபிளாட்டினேட் எதிர்மின் அயனி. கரைசல் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அயனிகளெல்லாம் ஓரத்திலேயே உட்கார்ந்துவிடுகின்றன. எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் பெரிதாக மாறாது.

தீர்வு, இடத்துக்குப் போட்டியாக ஒரு அயனியைச் சேர்ப்பது. சிட்ரிக் அமிலம் இதற்கென்றே பயன்படுகிறது. அது அலுமினாவில் பிளாட்டினத்தைவிட உறுதியாக ஒட்டி ஓரத்து இடங்களைப் பிடித்துக்கொள்ளும்; பிளாட்டினம் உள்ளே தள்ளப்படும். கொஞ்சமாகச் சேர்த்தால் வளையம் ஓரத்திலிருந்து சற்று உள்ளே நகரும், அதிகம் சேர்த்தால் பிளாட்டினம் நடுவில் மட்டும் நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் போட்டி இதைவிட மென்மையானது. சீரான பரவல் வேண்டும் என்றால் முதலில் அதை முயலலாம்.

ஓர வளையம் எப்போதும் பிழை என்று எண்ணிவிட வேண்டாம். வினை மிக வேகமானதாக இருந்து, வாயு பெல்லட்டின் நடுவுக்குப் போகுமுன்பே வினை முடிந்துவிடும் என்றால் நடுவில் பிளாட்டினம் வைப்பது வீண் செலவு. அங்கே வளையம்தான் வேண்டும். நச்சு வெளியிலிருந்து வந்து ஓரத்தைக் கெடுக்கும் இடத்தில் உலோகத்தைச் சற்று உள்ளே ஒளித்து வைப்பதும் உண்டு.

வடிகட்டிய நீர் மஞ்சளாகவே இருக்கிறது

கூடுதல் கரைசலில் தாங்கியைக் கலக்கி, உலோக அயனியைப் பரப்பில் ஒட்டவைத்து வடிகட்டும் முறையில் வரும் கோளாறு இது. காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தாங்கியும் உப்பும் ஒரே மின்னூட்டத்தில் இருக்கின்றன. ஆனால் ஏன் என்று புரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதிச் சிக்கல் தீரும்.

ஒவ்வொரு ஆக்சைடுக்கும் அதன் பரப்பு மின்னூட்டம் பூஜ்யமாகும் ஒரு பி.எச். உண்டு. காமா அலுமினாவுக்கு அது 8, 9 வாக்கில். சிலிக்காவுக்கு 2 முதல் 4 வரை. டைட்டானியாவுக்கு 4 முதல் 6. கரைசலின் பி.எச். அதற்குக் கீழே இருந்தால் பரப்பு நேர்மின், மேலே இருந்தால் எதிர்மின். ஆகவே குளோரோபிளாட்டினேட் அலுமினாவில் ஒட்டும், சிலிக்காவில் ஒட்டாது. சிலிக்காவுக்கு டெட்ராஅமீன் பிளாட்டினம் நைட்ரேட் மாதிரி நேர்மின் அயனி வேண்டும்; அம்மோனியாவால் பி.எச்.ஐ 10 பக்கம் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் சிலிக்காவே கரையத் தொடங்கும். அலுமினாவின் பக்கம் பி.எச். 3-க்குக் கீழே போனால் அலுமினா கரையும். கரைசலில் அயனிகள் பெருகி ஒட்டும் விசையும் குறையும். 4-ஐ ஒட்டி இருப்பது நல்லது.

இங்கே பலரும் சறுக்கும் இடம், எந்த பி.எச்.ஐ அளப்பது என்பது. தாங்கியைப் போடுமுன் 4 என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆக்சைடின் பரப்பில் உள்ள ஹைட்ராக்சில்கள் கரைசலின் அமிலத்தையோ காரத்தையோ விழுங்கிவிடும். கெட்டியான குழம்பில் பி.எச். சில நிமிடங்களில் தாங்கியின் பூஜ்யப் புள்ளியை நோக்கி இழுக்கப்பட்டுவிடும். அங்கே மின்னூட்டமே இல்லை, ஒட்ட எதுவும் இல்லை. தாங்கி போட்டு ஒரு மணி நேரம் கலக்கிய பிறகு அளக்கும் பி.எச்.தான் உண்மையான பி.எச். அமெரிக்காவில் ஜான் ரெகல்புட்டோ குழு வளர்த்தெடுத்த மின்னிலை ஒட்டு முறையின் சாரமே இதுதான்.

பி.எச். சரியாக இருந்தும் நீர் மஞ்சளாக இருந்தால், பரப்பு நிரம்பிவிட்டதா என்று கணக்குப் போடுங்கள். குளோரோபிளாட்டினேட் அலுமினாவில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.6 மைக்ரோமோல் வரைதான் ஒட்டும். கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்பு உள்ள அலுமினா என்றால் ஏறக்குறைய 6 விழுக்காடு பிளாட்டினம். அதற்கு மேல் கேட்டால் மிச்சம் நீரில்தான் நிற்கும்.

ஐசிபி-யில் உலோக அளவு குறைவாக வருகிறது

ஐசிபி என்பது கரைத்த மாதிரியில் உலோக அளவைக் காட்டும் பகுப்பாய்வு. குறைந்தால் மூன்றைப் பாருங்கள். தாங்கியை உலர்த்தாமல் எடை போட்டீர்களா? உப்பின் லேபிளில் உள்ள வாய்பாட்டை நம்பினீர்களா? குளோரோபிளாட்டினிக் அமிலம் ஈரம் இழுக்கும். அந்த பாட்டிலுக்கான பகுப்பாய்வுச் சான்றில் உள்ள பிளாட்டின விழுக்காட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றாவது, மாதிரி முழுதாகக் கரைந்ததா? ராஜ திராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) பிளாட்டினத்தைக் கரைக்கும். ரோடியத்தையும் இரிடியத்தையும் கிட்டத்தட்ட தொடாது. குழாயின் அடியில் பொடி மிஞ்சியிருந்தால், குறை தயாரிப்பிலா பகுப்பாய்விலா என்றே சொல்ல முடியாது.

டெம்மில் பெரிய துகள்கள்

முதலில், எத்தனை பெரியவை என்று எண்ணிப் பாருங்கள். 20 நானோமீட்டர் துகள் ஒன்றில் இருக்கும் உலோகம் 2 நானோமீட்டர் துகள்கள் ஆயிரத்துக்குச் சமம். படத்தில் நூறு சின்னதும் ஒரு பெரியதும் தெரிந்தால், உங்கள் பிளாட்டினத்தில் முக்கால்வாசிக்கும் மேல் அந்த ஒன்றில்தான் இருக்கிறது. சராசரி எண்ணை மட்டும் எழுதுவது இதை மறைத்துவிடும்.

எடுத்துவைத்த குப்பிகள் இப்போது கைகொடுக்கும். கால்சினேஷன் செய்த மாதிரியிலேயே பெரிய ஆக்சைடுத் துகள்கள் இருக்கின்றனவா? இருந்தால் ஹைட்ரஜனைக் கேட்டுப் பயனில்லை.

நிக்கல், கோபால்ட் நைட்ரேட் என்றால் சந்தேகம் மஃபிள் (மூடிய பெட்டி) ஃபர்னஸின் மீது போகலாம். ஆனால் வெப்பநிலையைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம். நைட்ரேட் சிதையும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு, ஆக்சிஜன், நீராவி மூன்றும் படுகையிலேயே தேங்கினால் ஆக்சைடு நகர்ந்து ஒன்றுசேரும். ஆழமான கிண்ணத்தில் காற்று அசையாமல் சுடுவது இதற்கு நேர் வழி. குழாய் ஃபர்னஸில் மெல்லிய படுகை, ஓடும் வாயு, நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி ஏற்றம். இதற்கும் மேலே போக வேண்டுமென்றால், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டி ஜாங் குழு 2007-இல் காட்டிய வழி உண்டு: காற்றுக்குப் பதில் ஹீலியத்தில் சிறிது நைட்ரிக் ஆக்சைடு. சிலிக்காவில் அதே நைட்ரேட் மிகச் சிறிய ஆக்சைடுத் துகள்களைத் தருகிறது. நைட்ரிக் ஆக்சைடு நச்சு வாயு. வெளியேற்றும் ஏற்பாடு இல்லாத இடத்தில் இதை நினைக்கவே வேண்டாம்.

கால்சினேஷன் மாதிரி நன்றாக இருந்து, ஒடுக்கிய பின் பெரிதாகியிருந்தால், வெப்பநிலையையும் நீராவியையும் பாருங்கள். உலோகத்தின் உருகுநிலையை கெல்வினில் எடுத்துப் பாதியாக்கினால் அணுக்கள் தாராளமாக நகரத் தொடங்கும் இடம் கிடைக்கும். வெள்ளிக்கு அது சுமார் 345 டிகிரி செல்சியஸ், தங்கத்துக்கு 395, செம்புக்கு 405, நிக்கலுக்கு 590, பிளாட்டினத்துக்கு 750. நானோ துகளில் நகர்வு இதற்கு முன்பே தொடங்கிவிடும். செம்பு வினையூக்கியை 500 டிகிரியில் ஒடுக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. பிளாட்டினத்துக்கு ஹைட்ரஜனைவிடக் காற்றுதான் ஆபத்து: 600 டிகிரிக்கு மேல் காற்றில் பிளாட்டினம் ஆவியாகக் கூடிய ஆக்சைடாக மாறி, சின்னத் துகளை விட்டுப் பெரியதில் போய்ச் சேரும்.

தங்கம் கால்சினேஷனுக்கு முன்பே ஊதாவாகிவிட்டது

தங்கத்தைப் பொறுத்தவரை பிளாட்டினத்தின் பழக்கங்களை மறந்துவிடுங்கள். 1987-இல் மசாதாகே ஹருதா, நுண் தங்கத் துகள்கள் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்வதைக் காட்டும்வரை தங்கம் மந்தமான உலோகம் என்றே கருதப்பட்டது. அதற்கு ஒரு காரணம், மற்ற உலோகங்களைப் போலவே அதையும் ஊறவைத்ததுதான். குளோரோஆரிக் அமிலத்தின் குளோரைடு தாங்கியிலேயே தங்கினால் சூட்டில் தங்கம் சரசரவென்று ஒன்றுசேரும்.

டைட்டானியாவில் படிவித்தால் யூரியா முறை நிம்மதியானது: 80 டிகிரியில் யூரியா மெல்லச் சிதைந்து பி.எச்.ஐ ஏற்ற, தங்கம் முழுவதும் தாங்கியில் இறங்கிவிடும். இதில் சீக்கிரம் நிறுத்தினால்தான் துகள் பெரிதாகும். நாலு மணி நேரம் விட்டால் சிறிதாகும். பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். வடிநீரில் நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் ஒரு துளி விட்டால் வெண்கலக்கம் வரக்கூடாது. வந்துகொண்டிருக்கும்வரை கழுவல் முடியவில்லை.

இத்தனையும் செய்தும் சுடுவதற்கு முன்பே ஊதா ஏறினால், வெளிச்சம் அல்லது உலர்த்தும் சூடு தங்கத்தை ஒடுக்கிவிட்டது. இருட்டில், 100 டிகிரிக்குக் கீழே உலர்த்தி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளோரைடைப் போக்குகிறேன் என்று தங்கத்தோடு அம்மோனியா சேர்க்காதீர்கள். அதில் உருவாகும் சேர்மம் காய்ந்ததும் சிறு உரசலில் வெடிக்கும்.

எக்ஸ்ஆர்டி-யில் பிளாட்டினமே தெரியவில்லை, அல்லது தெரிகிற மாதிரி இருக்கிறது

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படமான எக்ஸ்ஆர்டி-யில் பிளாட்டினத்தின் முகடு தெரியவில்லை என்றால் பெரும்பாலும் நல்ல செய்தி. 2, 3 நானோமீட்டருக்குக் கீழே முகடு பின்னணியில் கரைந்துவிடும். தெரிகிற மாதிரி இருப்பதுதான் சிக்கல். பிளாட்டினத்தின் முகடுகள் 39.8, 46.2, 67.5 டிகிரியில், காமா அலுமினாவும் 39.5, 45.9, 67 அருகே அகன்ற முகடுகள் தரும். வெறும் தாங்கியை அதே நிலையில் சுட்டு எடுத்த படத்தை மேலே வைத்துப் பார்க்காமல் முகட்டின் அகலத்திலிருந்து துகள் அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டைத் தொடாதீர்கள்.

டெம்மில் துகள் சின்னது, ஆனால் கெமிசார்ப்ஷன் பூஜ்யத்தை ஒட்டி

கெமிசார்ப்ஷன் என்பது உலோகப் பரப்பில் எவ்வளவு வாயு ஒட்டுகிறது என்ற அளவீடு. பிளாட்டினத்தில் நானோமீட்டரில் விட்டத்தால் 1.1-ஐ வகுத்தால் தோராயமாக வெளித்தெரியும் அணுக்களின் பங்கு வரும். 2 நானோமீட்டர் என்றால் 55 விழுக்காடு. அளவீடு 5 காட்டினால் பரப்பை ஏதோ மூடியிருக்கிறது.

டைட்டானியா தாங்கி, 500 டிகிரியில் ஒடுக்கம் என்றால் விடை பெரும்பாலும் தயார். 1978-இல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் டாஸ்டர் குழு கண்டது இந்த வீழ்ச்சியைத்தான். காரணம், ஓரளவு ஒடுங்கிய டைட்டானியா உலோகத்தின் மீது ஏறி மூடிக்கொள்கிறது. காற்றில் அல்லது ஆக்சிஜனில் 400 டிகிரியில் சுட்டு, 200 டிகிரியில் ஒடுக்குங்கள். மதிப்பு மீண்டு வந்தால் காரணம் உறுதி.

கூழ்மமாகத் தயாரித்துத் தாங்கியில் ஏற்றியிருந்தால் மூடியிருப்பது துகள்களைப் பிரித்து வைக்கச் சேர்த்த பி.வி.பி. அல்லது பி.வி.ஏ. பாலிமர். குளோரைடு மிச்சமும் இதைச் செய்யும். ஆனால் பெட்ரோல் சீர்திருத்த வினையூக்கிகளில் அலுமினாவின் அமிலத்தன்மைக்காகக் குளோரைடை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். உங்கள் வினை எது என்று பார்த்துக்கொண்டு கழுவுங்கள்.

மதிப்பு குறையாமல் கூடுதலாக வருவது பல்லேடியத்தின் குணம். அறை வெப்பநிலையில் ஹைட்ரஜன் அதன் உள்ளேயே போய் ஹைட்ரைடாகிவிடும். கார்பன் மோனாக்சைடு பயன்படுத்துங்கள், அல்லது ஹைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் விடுங்கள். அதே கார்பன் மோனாக்சைடை ஒடுக்கிய நிக்கலுக்கு விடவே கூடாது. அறை வெப்பநிலையிலேயே உருவாகக்கூடிய நிக்கல் கார்பொனைல் கொடிய நஞ்சு, நிக்கலுக்கு ஹைட்ரஜன்தான்.

நிக்கல் ஒடுங்க மறுக்கிறது

அலுமினாவில் 800 டிகிரி பக்கம்தான் ஹைட்ரஜன் செலவாகிறது என்றால் அது நிக்கல் ஆக்சைடு இல்லை, நிக்கல் அலுமினேட். கால்சினேஷனை 400 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், அல்லது அதை விட்டுவிட்டு உலர்ந்த நைட்ரேட்டை நேரே ஓடும் ஹைட்ரஜனில் மெல்லச் சூடாக்குங்கள். காற்றிலிருந்து ஹைட்ரஜனுக்கு மாறும்போது நடுவில் நைட்ரஜன் ஓட்டி உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் செய்வதை விடாதீர்கள்.

பொடி கனன்றது, தீப்பிடித்தது

கார்பன் தாங்கியைக் காற்றில் சுடக்கூடாது. வெறும் கார்பன் தாங்கும் சூட்டில்கூட பிளாட்டினமோ பல்லேடியமோ ஏறிய கார்பன் எரியத் தொடங்கும், ஏனென்றால் அந்த எரிதலுக்கும் அதுவே வினையூக்கி. நைட்ரஜனில் சூடாக்குங்கள். ஹைட்ரஜனேற்றம் முடித்த பல்லேடியம் கார்பனை வடிதாளில் காய விடாதீர்கள்; மெத்தனால் ஆவியும் காற்றும் சேர்ந்த இடத்தில் அது தீக்குச்சி வேலை செய்யும். எப்போதும் நீரில் நனைத்தே வைத்திருக்க வேண்டும். ஒடுக்கிய நிக்கலையும் செம்பையும் அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, நைட்ரஜனில் ஒரு விழுக்காடு ஆக்சிஜன் கலந்து மெல்ல ஓட்டிய பிறகே வெளியே எடுங்கள்.

முதல் தடவை நன்றாக வேலை செய்தது, அடுத்த தடவை இல்லை

திரவ வினை என்றால் உலோகம் கரைசலில் கழன்றுபோகிறதா என்று முதலில் பாருங்கள். வினை பாதியில் இருக்கும்போது வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் அதே சூட்டில் தொடர விடுங்கள். வினை தொடர்ந்தால் வேலை செய்வது கரைந்த உலோகம். வினை நடக்கும் வெப்பநிலையிலேயே வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் கரைந்த பல்லேடியம் திரும்பத் தாங்கியில் படிந்துவிடும், வடிநீர் ஒன்றுமே செய்யாது, கழன்றுபோகவில்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.